சட்டை வாசகம் யாரைப் பார்த்துப் பேசுகிறது?

2024 அக்டோபரில் டெல்லி மெட்ரோ ரயிலுக்குள் ஒரு விளம்பரம் தென்பட்டது. பேருந்தில் பெண்கள் கையில் ஆரஞ்சுப் பழங்களோடு இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை உங்கள் ஆரஞ்சுகளைச் சோதித்துப் பாருங்கள் என்கிறது வாசகம். மார்பகம் என்று சொல்லக் கூசிப் பழத்தின் பெயரைச் சொன்ன அந்தப் புற்றுநோய் விழிப்புணர்வு விளம்பரத்தைப் பெண்கள் சமூக ஊடகங்களில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மெட்ரோ நிர்வாகம் அதை அகற்றியது. விளம்பரம் கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கின் ‘யூவீகேன்’ அறக்கட்டளையுடையது.

அது நாகரிகமா, ஆபாசமா என்று இரண்டு நாள் சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் அதிகம் எழாத ஒரு கேள்வி இருந்தது. ஒரு பெண் மாதம் தவறாமல் தன் மார்பைத் தானே சோதித்துக்கொண்டால், புற்றுநோயால் சாகும் வாய்ப்பு குறைகிறதா? அந்த விளம்பரம் வருவதற்கு 22 ஆண்டுகள் முன்பே இதற்கு விடை வந்துவிட்டது. விடையைக் கொடுத்தவர்கள் ஷாங்காய் நகரத்து ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள்.

519 ஆலைகள், 2,66,064 பெண்கள். 1989இல் தொடங்கிய அந்த ஆய்வில் ஆலைகளை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கு ஆலைகளில் இருந்த பெண்களுக்கு, மார்பைத் தாங்களே சோதித்துக்கொள்வது எப்படி என்று மாதிரி உறுப்புகளை வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். முதலாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் மறுபடியும் வகுப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து ஆண்டுகளுக்கு, மருத்துவப் பணியாளர் முன்னிலையில் செய்துகாட்ட வேண்டும். இடையிடையே நினைவூட்டலும் உண்டு. மற்றப் பங்கு ஆலைகளில் இதெல்லாம் இல்லை. அங்கே இடுப்புவலி வராமல் இருப்பது எப்படி என்று வகுப்பெடுத்தார்கள். பத்தாண்டுகளுக்குப் பிறகு கணக்கெடுத்தபோது, பயிற்சி பெற்ற பிரிவில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 135 பேர். இடுப்புவலி வகுப்புக்குப் போன பிரிவில் 131 பேர். இரு பிரிவிலும் இருந்த பெண்களின் எண்ணிக்கை ஏறத்தாழச் சமம்.

கூடியது ஒன்று உண்டு: தீங்கில்லாத கட்டிகள். பயிற்சி பெற்ற பெண்கள் அவற்றைக் கண்டுபிடித்து, பயந்து, பயாப்ஸிக்குப் போய், ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தார்கள். ஆய்வில் இளம் வயதினர் அதிகம், கண்காணித்த காலம் போதாது என்று குறை சொன்னவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே மாதாந்தரச் சுயபரிசோதனையைத் தன் பரிந்துரையிலிருந்து படிப்படியாக எடுத்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் தவறான முடிவுக்குப் போய்விட வேண்டாம். குளிக்கும்போது கட்டி தட்டுப்பட்டால், தோல் சுருங்கினால், காம்பில் இரத்தம் கசிந்தால், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தன் உடம்பில் வந்த மாற்றத்தைக் கவனித்து உடனே போவது வேறு. மாதாமாதம் தேதி குறித்துத் தேடுவதையே நோய்த்தடுப்பு என்று ஒரு சமூகம் நம்பிக்கொண்டிருப்பது வேறு. ஷாங்காய் பெண்களுக்குக் கிடைத்த பயிற்சியில் நூறில் ஒரு பங்குகூட நம் ஊர் விழிப்புணர்வு மாரத்தான்களில் கிடைப்பதில்லை. ஒரு டீ-ஷர்ட், ஒரு தண்ணீர் பாட்டில், மேடையில் ஒரு நடிகர், பிங்க் பலூன். அதைக் கொண்டு உயிர்களைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு வியப்பு.

விழிப்புணர்வு கூடினால் நல்லதுதானே, கெடுதல் என்ன என்று கேட்கலாம். தென்கொரியாவில் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தபோது, கூடவே கொஞ்சம் பணம் கட்டித் தைராய்டு ஸ்கேனும் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. 2011இல் அங்கே தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்கு. ஆனால், அந்நோயால் இறப்பவர்களின் விகிதம் அசையவே இல்லை. வாழ்நாள் முழுக்கத் தொல்லை கொடுத்திருக்காத சின்னஞ்சிறு கட்டிகளுக்காகப் பல்லாயிரம் பேர் தைராய்டு சுரப்பியை இழந்து, ஆயுள் முழுக்க மாத்திரைக்கு ஆளானார்கள்.

பீச் நிறத்தில் தொடங்கிய நாடா

இன்றைக்கு டீ-ஷர்ட், தொப்பி, கைப்பை என்று எங்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் பிங்க் நாடாவுக்கு ஒரு பூர்விகம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற மூதாட்டி, பாட்டி, சகோதரி, மகள் என்று தன் குடும்பத்திலேயே மார்பகப் புற்றுநோயைப் பார்த்தவர், வீட்டில் உட்கார்ந்து பீச் நிற நாடாக்களைச் செய்து ஊரில் விநியோகித்தார். ஒவ்வொரு கட்டோடும் ஓர் அட்டை. தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு நிதி 180 கோடி டாலர், அதில் நோய்த் தடுப்புக்குப் போவது 5 விழுக்காடுதான், நம் மக்கள் பிரதிநிதிகளைத் தட்டி எழுப்ப இந்த நாடாவை அணியுங்கள் என்பது அந்த அட்டையின் சாரம்.

‘செல்ஃப்’ என்ற பெண்கள் பத்திரிகையும் எஸ்தே லாடர் அழகுசாதன நிறுவனமும் அந்த நாடாவைக் கேட்டு வந்தன. வியாபாரமாகிவிடும் என்று ஹேலி மறுத்துவிட்டார். கேட்டு வந்தவர்கள் வழக்கறிஞர்களைக் கலந்து, நிறத்தை மாற்றினால் சிக்கல் இல்லை என்று முடிவெடுத்து, 1992இல் பிங்க் நாடாவை வெளியிட்டார்கள். கடை கடையாக, 15 லட்சம் நாடாக்கள். நாடா வந்துவிட்டது, 5 விழுக்காடு என்ற கணக்கு காணாமல் போய்விட்டது.

எஸ்தே லாடர் நிறுவனத்தின் எவ்லின் லாடர் அடுத்த ஆண்டே ஆராய்ச்சிக்கான ஓர் அறக்கட்டளை தொடங்கினார், அதன் வழியாகப் பெருந்தொகை ஆய்வகங்களுக்குப் போயிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பிங்க் நிறத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் அப்படி இல்லை. 2010இல் கேஎஃப்சி பொரித்த கோழியை பிங்க் வாளியில் விற்றது. 2014இல் பேக்கர் ஹியூஸ் என்ற எண்ணெய்த் துறை நிறுவனம் பூமியைத் துளைக்கும் 1,000 துரப்பண முனைகளுக்கு பிங்க் பெயின்ட் அடித்தது. இரண்டிலும் கூட்டாளி சூசன் ஜி. கோமென் என்ற பெரிய மார்பகப் புற்றுநோய் அமைப்பு. இதற்கு மேல் கேலி செய்ய என்ன இருக்கிறது?

ஹேலியின் அட்டை அரசைப் பார்த்துப் பேசியது. அதற்குப் பிறகு வந்த வாசகங்கள் பெண்ணைப் பார்த்துப் பேசுகின்றன: சோதித்துக்கொள், விழிப்போடு இரு, போராடு, சிரித்த முகமாக இரு. பொறுப்பு இடம் மாறிவிட்டது. இப்போது ஒருத்திக்கு நோய் முற்றிப்போனால், அவள் கவனிக்காமல் விட்டாள் என்றுதான் ஊர் சொல்லும். ‘வென்றவர்’ என்று பதக்கம் மாட்டி மேடையேற்றும்போது, நோய் எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிய நிலையில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் மனநிலையை நிகழ்ச்சி அமைப்பாளர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்ததுண்டா? அவர் சரியாகப் போராடவில்லையா?

மஞ்சள் பட்டையும் ஒரு வாக்கெடுப்பும்

யுவராஜ் சிங்குக்கும் அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஓர் ஒற்றுமை. இருவரும் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள். இருவரின் பெயரோடும் அறக்கட்டளையும் வாசகப் பொருள்களும் சேர்ந்தே விலைபோயின. யுவராஜுடையது ‘ஒய்டபிள்யூசி’ என்ற ஆடை வணிகம். ஆம்ஸ்ட்ராங்குடையது 2004இல் நைக்கி நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு டாலருக்கு விற்ற ‘லிவ்ஸ்ட்ராங்’ மஞ்சள் கைப்பட்டை. எட்டுக் கோடிக்கு மேல் விற்றது. நம்மூர்க் கல்லூரி மாணவர்கள்கூட அதன் போலியை வாங்கி மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

இருவரும் சிகிச்சை பெற்றது ஒரே இடத்தில்: இண்டியானாபோலிஸ் நகரின் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவமனை. அங்கேதான் 1974இல் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற மருத்துவர், பரவிப்போன விரைப் புற்றுநோய்க்கு சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை பத்துப் பேரில் ஒருவர் பிழைப்பதே அரிதாக இருந்த அந்த நோயில், அதன் பிறகு பெரும்பாலோர் பிழைத்தார்கள். அந்த மருந்தின் குணத்தைத் தற்செயலாகக் கண்டுபிடித்தது மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்பவரின் ஆய்வகம், பாக்டீரியாவில் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது. எந்தச் சட்டையும் எந்தப் பட்டையும் அந்த ஆய்வகத்துக்குக் காரணம் இல்லை.

இத்தோடு நிறுத்தினால் ஆம்ஸ்ட்ராங்குக்கு அநியாயம் செய்தவனாவேன். ஊக்கமருந்து விவகாரத்தில் 2012இல் பட்டங்களை இழந்து, அவர் பெயர் கெட்டது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவர் செய்த ஒரு காரியம் அவ்வளவாகத் தெரியாது. 2007இல் டெக்சாஸ் மாநிலம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 300 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிடலாமா என்று வாக்கெடுப்பு நடத்தியபோது, அவர் ஊர் ஊராகப் போய் ஆதரவு கேட்டார். மக்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த நிதியின் உதவியோடு நோய் எதிர்ப்பாற்றல் சிகிச்சை ஆய்வாளர் ஜேம்ஸ் அலிசன் டெக்சாஸுக்குத் திரும்பினார். 2018இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, முந்தைய கலிஃபோர்னிய ஆய்வுக்காக. 2019இல் மக்கள் மீண்டும் 300 கோடிக்கு வாக்களித்தார்கள். எட்டுக் கோடிக் கைகளில் ஏறிய பட்டையைவிட, ஒரு மாநிலத்தின் வாக்குச்சீட்டில் ஏறிய அந்த ஒரு கேள்வி அதிகம் சாதித்தது என்பேன்.

சட்டை வாசகத்தால் உயிர் பிழைத்த வரலாறும் இருக்கிறது. அது புற்றுநோயில் இல்லை, எய்ட்ஸில். 1998 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில், தனக்கு எச்ஐவி இருப்பதை வெளியே சொன்ன ஒரு பெண்ணை அடித்துக் கொன்றார்கள். அதே மாதம் தொடங்கப்பட்ட சிகிச்சை இயக்கத்தினர், ‘எச்ஐவி பாசிட்டிவ்’ என்று மார்பில் பெரிதாக அச்சிட்ட டீ-ஷர்ட்டை அணியத் தொடங்கினார்கள். நோய் உள்ளவர்களும் அணிந்தார்கள், இல்லாதவர்களும் அணிந்தார்கள். யாரை அடிப்பது என்று அடிக்க வருபவருக்குத் தெரியக் கூடாது. அந்தச் சட்டையோடு நீதிமன்றத்துக்கும் போனார்கள். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரப்பின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் கொடுக்க வேண்டும் என்று 2002 ஜூலையில் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நெல்சன் மண்டேலாவும் அந்தச் சட்டையை அணிந்தார். எச்ஐவியால்தான் எய்ட்ஸ் வருகிறதா என்று சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்த அதிபர் தாபோ எம்பெக்கியின் அரசைப் பார்த்துப் பேசிய சட்டை அது. கேட்டது ஒரு மருந்தை. பெயர் சொல்லிக் கேட்டது.

நம் நாட்டிலும் ஒன்று பலித்தது. தியேட்டரில் படம் தொடங்கும் முன் வரும் குட்கா எதிர்ப்பு விளம்பரத்தை நாம் கிண்டலடித்துக்கொண்டேதான் பார்த்தோம். அதோடு வரியும் ஏறியது, பொது இடத்தில் புகைக்கத் தடை வந்தது, 2016இலிருந்து பாக்கெட்டின் 85 விழுக்காட்டை எச்சரிக்கைப் படம் அடைத்துக்கொண்டது. 2009-10இல் 34.6 விழுக்காடாக இருந்த வயதுவந்தோர் புகையிலைப் பழக்கம், 2016-17இல் 28.6 விழுக்காடாக இறங்கியது. விளம்பரம் தனியாக வந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

திண்டுக்கல்லில் நடந்தது

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கை என்று ஓர் ஊர். அங்குள்ள கிறிஸ்தவ சமூகநல மருத்துவமனையைத் தளமாகக் கொண்டு, 2000இல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு வேலை தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை. மூன்று வாரம் பயிற்சி எடுத்த செவிலியர்கள், வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்ப்பார்கள். வெள்ளை படிந்தால் சந்தேகம். அங்கேயே உறையவைத்துச் சிகிச்சை தர முடிந்தவர்களுக்கு அன்றைக்கே தந்தார்கள். முடியாதவர்களை மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள். 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் நோய் வருவது 25 விழுக்காடும் அந்நோயால் சாவது 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒப்பீட்டுக்காகப் பரிசோதனை தரப்படாமல் விடப்பட்ட பெண்களைப் பற்றிப் பின்னாளில் கடுமையான அறக்கேள்விகள் எழுந்தன. அவை நியாயமான கேள்விகள். ஆனால் வழி எது என்பதில் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

மும்பை குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை செய்த 20 ஆண்டு ஆய்வும் இதையே சொல்கிறது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்கள். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் கையால் மார்பகத்தைச் சோதித்தார்கள். வினிகர் பரிசோதனையும் செய்தார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 31 விழுக்காடு குறைந்தது. மார்பகப் புற்றுநோயில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் சாவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. ஷாங்காயில் பலிக்காதது இங்கே பலித்ததற்கு என்ன காரணம் சொல்வது? பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போகாமல், பயிற்சி பெற்ற ஒரு கை அவள் இருக்கும் தெருவுக்கே வந்தது என்பதுதான் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம்.

இவ்வளவும் நம் நாட்டிலேயே நிரூபணமாகியும், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காடு, மார்பகப் பரிசோதனை 0.9 விழுக்காடு. தமிழ்நாடு முன்னணி மாநிலங்களில் ஒன்று. இங்கேயும் நூற்றுக்குப் பத்துப் பேர் தேறவில்லை. 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, 98 ஆயிரம் பேர் இறந்தார்கள். 2010-14 காலத்துக்கான உலக ஒப்பீட்டில், மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டு ஐந்தாண்டு வாழ்பவர்கள் அமெரிக்காவில் நூற்றுக்கு 90, இந்தியாவில் 66.

இந்த இடைவெளியை வாசகம் நிரப்புமா? 2024 பிப்ரவரியில் பூனம் பாண்டே என்ற நடிகை கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டதாகச் செய்தி பரப்பி, மறுநாள் உயிரோடு வந்து, எல்லாம் விழிப்புணர்வுக்காக என்றார். நாடே கருப்பை வாயைப் பற்றிப் பேசியது. எங்கே போய் டெஸ்ட் எடுப்பது என்று அந்தக் கூத்தைப் பார்த்து யாருக்குத் தெரிந்தது? கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கு வழி பிறப்பது பட்ஜெட்டில்தான். 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போட 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 36 கோடி ரூபாய் அறிவித்தது. அது ஒவ்வொரு பள்ளிக்கும் வந்து சேர்கிறதா என்று கேட்பதுதான் நம் வேலை.

அம்பிளிக்கையிலிருந்து வடமேற்கே போனால் தாராபுரம், அதைத் தாண்டித் திருப்பூர். நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போகிறது. உலகத்தில் அக்டோபர் மாதம் அணியப்படும் வாசகச் சட்டைகளில் கணிசமானவை அங்கே தைக்கப்பட்டவையாக இருந்தால் ஆச்சரியமில்லை. பிங்க் நாடாவுக்குப் பக்கத்துத் தையலைப் போடும் அக்காவுக்கு வயது 38 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை ஷிப்ட் வேலை. புற்றுநோய் என்று ஒன்று இருப்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தெருவுக்கு ஒரு சாவைப் பார்த்தவர். டெஸ்ட் எடுக்கப் போகவில்லையா என்று கேட்டால், “ஒரு நாள் போனா அன்னைக்குச் சம்பளம் போச்சுங்க” என்பார். அவரிடம் இல்லாதது விழிப்புணர்வா, அரை நாள் விடுப்பா?

அந்த விடுப்பைக் கொடுக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பனியன் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு பிராண்டுகள் அனுப்பும் தணிக்கையாளர்கள் தீயணைப்புக் கருவி முதல் கழிப்பறை எண்ணிக்கை வரை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். 30 வயது கடந்த பெண் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு அரை நாள், பரிசோதனைக்கு என்ற ஒரு வரியை அந்தப் பட்டியலில் சேர்க்க ஒரு பிராண்டுக்கு எவ்வளவு செலவாகும்? தொழிலாளர் ஈட்டுறுதி மருந்தகங்களும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்களும் ஆலை வாசலுக்கு வரத் தேதி குறிக்க ஏற்றுமதியாளர்களுக்கு என்ன தடை? பிங்க் சட்டைக்கு ஆர்டர் கொடுக்கும் நிறுவனங்களிடம் இதைக் கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, அரசிடமும் ஊரிடமும் விடாமல் கேட்டுக் கேட்டு 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்க வைத்தார். முப்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பிடிவாதத்தை எந்த மாரத்தானிலும் நான் பார்த்ததில்லை.

ஓடுகிறவர்கள் ஓடட்டும், ஓடுவது உடம்புக்கு நல்லது. அச்சிடுகிறவர்கள் மட்டும் ‘விழிப்போடு இருங்கள்’ என்பதை எடுத்துவிட்டு, அந்த வட்டாரத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை பரிசோதனை நடக்கிறது என்பதை அச்சிடட்டும். முன்பக்கம் இடம் மிச்சமிருந்தால், சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியதை எழுதட்டும். வாசகர்களுக்கு ஒன்று: தமிழ்நாட்டின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு மார்பக, கருப்பை வாய்ப் பரிசோதனைகள் இலவசம். அம்மாவையோ அக்காவையோ துணைக்கு அழைத்துக்கொண்டு இந்த வாரமே போய் வாருங்கள்.